பதினெட்டு மணி நேரம்

அப்பா வியாழக்கிழமை காலையில் போனார். ஈப்போவில் எங்கள் சிலிபின் வீட்டு வாசலில் கெமாக் கூடாரம் போட்டுக்கொண்டிருந்தபோது, அம்மாவின் தம்பியான மாமா என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "ஒங்கண்ணன் வந்து சேர எத்தன மணி நேரம்லா ஆவும்?"

அண்ணன் டொராண்டோவில் இருக்கிறான். கொள்ளி வைக்க வேண்டியவன் அவன்தான். கைபேசியில் இரண்டு ஊர்களையும் தட்டினேன். கோலாலம்பூருக்கும் டொராண்டோவுக்கும் பதினைந்தாயிரம் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, பறக்கும் நேரம் ஏறக்குறைய பதினெட்டு மணி என்று வந்தது. அப்படியே சொன்னேன். மதியம் ஏறினால் வெள்ளி விடியலில் இறங்கிவிடுவான். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு எடுப்பதாக மாமா தெலுக் இந்தான் சொந்தங்கள் வரைக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டார்.

அண்ணன் ஏறும் முன் அனுப்பிய டிக்கெட்டைச் சாயங்காலம்தான் திறந்து பார்த்தேன். நேரடி விமானமே கிடையாது. நான் பார்த்தது வரைபடத்தில் கோடு போட்டு அளந்த கணக்கு. நடுவில் ஒரு நாட்டில் இறங்கி, காத்திருந்து, மாறி, கோலாலம்பூர் வரவே வெள்ளி மாலை நாலு ஆகும். அங்கிருந்து ஈப்போவுக்குக் காரில் இரண்டரை மணி நேரம். சுடுகாட்டில் ஐந்து மணிக்கு மேல் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

"சனிக்கெழம வச்சிக்கலாம் மாமா," என்றேன். சனிக்கிழமை எடுத்தால் வீட்டில் இன்னொரு உயிரும் போய்விடும் என்று எங்களுக்குப் பயம். அதற்குப் பரிகாரமாகப் பாடையில் கோழியைக் கட்டி அனுப்புவார்கள். "கோழி கட்டிக்கலாம்."

"அக்கா வாரத்துக்கு மூணு தடவ டயலிசிஸ் போறாங்க. கோழிய நம்பி நான் இருக்க முடியாதும்மா."

அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். நான் எழுந்து அடுப்படிக்குப் போனேன்.

அழுகை வரவில்லை. வந்தவர்களுக்கு மைலோ கலக்கினேன். ஈரத் துணியால் பிளாஸ்டிக் நாற்காலிகளைத் துடைத்தேன். துடைத்ததையே திரும்பவும் துடைத்தேன். விமானம் மாறும் இடத்திலிருந்து அண்ணன், "வந்துகிட்டே இருக்கேன்" என்று அனுப்பினான். அவனுக்காகக் காத்திருக்கப் போவதில்லை என்பதைச் சொல்லியிருக்க வேண்டும். "சரி" என்று மட்டும் எழுதினேன். கோழைத்தனம்தான், வேறென்ன.

வெள்ளிக்கிழமை சித்தப்பா மகன் மொட்டை போட்டுக்கொண்டான். சுடுகாட்டில் இப்போது விறகு கிடையாது. அவன் கற்பூரம் கொளுத்தி வைத்துவிட்டு, சுவரில் இருந்த பொத்தானை அழுத்தினான். இரும்புக் கதவு மூடியது.

வெளியே வந்து மரத்தடியில் நின்றபோது மணி நாலரை. அண்ணன் கூப்பிட்டான். விமான நிலையத்து அறிவிப்புச் சத்தம் கேட்டது. ஓடிக்கொண்டே பேசினான் போல, மூச்சு வாங்கியது.

"எறங்கிட்டேன். கார் சொல்லிட்டேன். ரெண்டரை மணி நேரம்தான், மாமாகிட்ட சொல்லிக் கொஞ்சம் நிப்பாட்டி வை. நான் வர்ற வரைக்கும் அப்பா மூஞ்ச மூடிடாதீங்க."

புகைபோக்கியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அவசரம் இல்லண்ணே," என்றேன். "மெதுவா வா."