கிளட்ச் மிதித்த முட்டி

எண்பதுகளின் கடைசியில், விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையே ஓடிய ஒரு தனியார் பேருந்தில் நான் கண்டக்டராக இருந்தேன். எங்கள் டிரைவர் அண்ணன் விழுப்புரத்தை அடுத்த காணைப் பக்கத்துக்காரர், ஐம்பதைத் தாண்டியவர். அந்த வண்டியின் கிளட்ச் கல்லு மாதிரி இருக்கும். அதை மிதித்து மிதித்தே அவருடைய இடது முட்டி வீங்கிப்போயிருந்தது.

வலியை வெளியே காட்டமாட்டார். முதலாளிக்குத் தெரிந்தால் வேறு ஆளைப் போட்டுவிடுவார் என்ற பயம். வண்டி கிளம்புமுன் ஷெட்டில் ஒதுங்கி, காக்கிப் பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு, காந்தும் தைலத்தை அழுத்தித் தேய்த்துக்கொள்வார். வாசனை மட்டும் ஒளியாது.

"இன்னா டிரைவரே, வண்டி டீசல்ல ஓடுதா, தைலத்துல ஓடுதா?" என்பார்கள் முன்சீட்டுப் பெண்கள்.

"சளிம்மா" என்று சமாளிப்பார்.

ஒரு நாள் உச்சி வெயிலில் விக்கிரவாண்டி தாண்டிப் போய்க்கொண்டிருந்தோம். நெற்றி வியர்வையை வழித்தவர், தைலம் தேய்த்த அதே விரல்களால் கண்ணையும் கசக்கிவிட்டார். வண்டி தடுமாறியது. எப்படியோ பிரேக்கை அழுத்திப் புளியமரத்தடியில் ஓரங்கட்டினார்.

"தம்பி, கண்ணு தெரியலடா!"

நான் முன்னால் ஓடினேன். பின்சீட்டிலிருந்து ஒருவர், "குடிச்சிட்டு ஓட்றானா?" என்று கத்தினார். முன்சீட்டில் இருந்த பெண் சட்டென்று எழுந்தார். திண்டிவனத்தில் நர்ஸாக வேலை பார்ப்பவர், தினமும் வருகிறவர். யாரோ கொடுத்த தண்ணீர்க் குடத்திலிருந்து மொண்டு மொண்டு அண்ணனின் கண்களைக் கழுவிவிட்டார்.

"இன்னாண்ணே தேச்சீங்க?"

அண்ணன் பேண்ட்டைச் சுருட்டிக் காட்டினார். முட்டி பளபளவென்று உப்பியிருந்தது. தைலம் பட்டுப் பட்டுத் தோல் வெந்திருந்தது.

"அடக் கடவுளே, தொட்டாலே சுடுது. டாக்டர்கிட்ட காட்டலையா?"

"காட்டினா வண்டிய வுட்டு எறக்கிடுவாங்கம்மா. ரெண்டு பொண்ணு கல்யாணத்துக்கு நிக்குது."

கத்திய ஆள் எழுந்து வந்து, முகம் துடைக்கத் தன் துண்டைக் கொடுத்தார்.

கண் தெளிந்தபின் மெதுவாக ஓட்டித் திண்டிவனம் சேர்ந்தோம். நர்ஸம்மாவே டாக்டரிடம் அழைத்துப்போனார். டாக்டர் புதிதாக வந்திருந்த ஒரு களிம்பு எழுதிக்கொடுத்தார். வீக்கத்தைக் குறைக்குமாம். லேசாகத் தடவினால் போதும், வெந்த இடம் ஆறும்வரை அதன்மேல் தடவக்கூடாது, வெந்நீர் ஒத்தடமும் வேண்டாம், தடவியபின் கையைக் கழுவ வேண்டும் என்றார். கூடவே, சில வாரம் கிளட்ச் பக்கமே போகக்கூடாது என்றும் சொல்லிவிட்டார்.

தோல் ஆறி முதல்முறை தடவிப் பார்த்த அண்ணனுக்கு நம்பிக்கை இல்லை. "எரியவே இல்லியே தம்பி. எரியலன்னா அது இன்னா மருந்து?"

ஆனாலும் விடாமல் தடவினார். வீக்கம் மெல்ல வடிந்தது.

அதற்கு முன், டாக்டரைப் பார்த்த மறுநாளே முதலாளியிடம் சொல்லப் போனபோது நானும் கூடவே நின்றேன். அண்ணன் நடந்ததைச் சொல்லி, பேண்ட்டைச் சுருட்டி முட்டியைக் காட்டினார். முதலாளி முழுவதையும் கேட்டுவிட்டு, "வண்டி நெறைய சனத்த வெச்சிக்கினு இப்டியாய்யா மறைப்ப?" என்று அதட்டினார். பிறகு அந்த முட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஷெட்டுல ஒக்காந்து வண்டிங்கள பாத்துக்கோ. சரியானதும் ஏறு" என்றார்.

அந்த வாரமே மெக்கானிக்கை அழைத்துக் கிளட்சையும் சரி செய்யச் சொன்னார்.

கரும்பு அறுவடை வந்து, ஆலைக்குப் போகும் வண்டிகள் சாலையை அடைக்கத் தொடங்கிய சமயம், அண்ணன் மறுபடி ஸ்டியரிங் பிடித்தார். வலி அடியோடு போய்விடவில்லை. மழைக்காலத்தில் படி ஏறும்போது முகம் சுளிப்பார். அப்படிப்பட்ட நாட்களில் கடைசி டிரிப்பை இன்னொரு டிரைவர் எடுத்துக்கொள்வார்.