சபை ஜெனரேட்டரும் ஈரச்சாக்கும்

உதியன்குளங்கரை வீட்டுப் பலாமரத்தடியில் ஒரு ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருந்த அந்த மத்தியானம் இன்னும் என் கண்ணுக்குள் மிதக்கிறது. எனக்கு ஏழு வயது. நர்சுக்குப் படித்த சித்திக்கு அன்று வெளிநாட்டு ஆஸ்பத்திரி இன்டர்வியூ. கம்ப்யூட்டரில் முகம் பார்த்துப் பேச வேண்டும். பயணத்துக்கு அம்மா பெட்டிகூட வாங்கி வைத்துவிட்டாள். காலையில் பார்த்துக் கரண்ட் போனது. மாமா எங்கள் கிறிஸ்தவ சபையில் கெஞ்சி, கன்வென்ஷன் ஜெபக் கூட்டங்களுக்கு வைத்திருந்த ஜெனரேட்டரை ஆட்டோவில் கொண்டுவந்தார்.

ராத்திரிக் கூட்டங்களுக்கு ஓடிப் பழகிய அதற்கு மீன மாத உச்சி வெயில் புதிது. மாமா அதைச் சுவரைவிட்டுத் தள்ளி வைத்தார், ஆயில் பார்த்தார், நாலு கம்பு நட்டு உயரத்தில் ஓலை வேய்ந்தார். ஃபேன், பிரிட்ஜ் எல்லாவற்றையும் அணைக்கச் சொன்னார். எஞ்சின் சூடாகக் கூடாதென்று நாங்கள் அத்தனை பேரும் வெந்தோம்.

"மக்கா, பக்கத்தில போவாண்டாம். மேல ஒண்ணும் போட்டு மூடவும் செய்யாண்டாம், கேட்டியா? காத்து கிட்டலேண்ணா நிண்ணு போவும் ஆக்கும்."

பாவம் மாமா, வழியை அவரே சொல்லிக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனார்.

சித்தி போய்விட்டால் எனக்கு யார் தலை பின்னுவது? யாரைக் கட்டிக்கொண்டு தூங்குவது? கிணற்றடியில் கிடந்த சாக்கை நனைத்து, இழுத்து வந்து எஞ்சின்மேல் போட்டேன். ஆவி எழுந்தது. நிமிர்ந்தால் ஜன்னலில் சித்தி. என்னைப் பார்த்துக்கொண்டே இங்கிலீஷில் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் எஞ்சின் விக்கி நின்றது. ஊரே சட்டென்று அமைதியானது போலிருந்தது.

மாமா ஓடிவந்து சாக்கை உருவினார். "இத ஆருலே போட்டது?"

"நான்தான் அண்ணா" என்று சித்தி வெளியே வந்தாள். "சூடாவாம இருக்கட்டும்ணு போட்டேன்."

"படிச்சவ செய்யக்கூடிய காரியமா இது?"

எஞ்சின் ஆறும்வரை சித்தி என்னை மடியில் வைத்து, பின்னியிருந்த தலையை அவிழ்த்து மறுபடி பின்னினாள். அவ்வளவு மெதுவாக அவள் பின்னியதேயில்லை. "ஆறிடிச்சு, வா" என்று மாமா இரண்டு தரம் கூப்பிட்டார். மூன்றாம் தரம்தான் எழுந்தாள்.

மீதி இன்டர்வியூவும் முடிந்தது, வேலை கிடைத்தது. பள்ளிக்கூடம் திறக்குமுன் போய்விட்டாள். அடி விழாமல் என்னைக் காப்பாற்றத்தான் அன்று பொய் சொன்னாள் என்று வெகுநாள் நம்பியிருந்தேன். சாக்கு எஞ்சின்மேல் கிடந்ததைப் பார்த்துக்கொண்டே இருந்தவள், ஜன்னலிலிருந்து ஒரு சத்தம் போட்டிருந்தால் போதுமே என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.