காமில் நானாவின் நாக்கு

காமில் நானா புகைக்குழாயின் வாய்க்குள் சுட்டுவிரலை விட்டு ஒரு சுற்றுச் சுற்றி எடுக்கிறார். விரல்நுனியில் கரியும் ஈரமும். அதை நாக்கில் வைத்துக் கண்ணை மூடுகிறார். படகின் சொந்தக்காரர் மூச்சை அடக்கிக்கொண்டு பக்கத்தில் நிற்கிறார். காமில் நானா துப்பினால் எஞ்சினுக்குள் நோய் இருக்கிறது. விழுங்கினால் ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போய்ச் சோறு தின்னலாம். தலைமன்னாரில் எஞ்சின் படகு வைத்திருக்கிற எவரும் அந்தத் தொண்டையைப் பார்த்தபடி ஒரு தடவையாவது நின்றிருப்பார்கள். மீனவர் எமிலியானுஸ் பதினொரு வருடத்தில் நான்கு தடவை நின்றிருக்கிறார்.

படகு எஞ்சின் கடல்தண்ணீரை உறிஞ்சித் தன் சூட்டைத் தணித்துக்கொள்ளும். பிறகு அதைப் புகையோடு சேர்த்துப் பின்பக்கமாக வெளியே தள்ளும். அந்தத் தண்ணீர் வழிமாறி எஞ்சினுக்குள் வந்துவிட்டால் வந்தது வினை. எஞ்சின் காற்றை நசுக்கலாம், தண்ணீரை நசுக்க முடியாது. இரும்புதான் வளையும்.

"உப்பெண்டால் அது கடல். உப்பில்லாட்டி எஞ்சினுக்குள்ள ஊத்தின நல்லதண்ணி, அப்ப எஞ்சின்ர தலைமூடி ஹெட் போயிட்டுது. வேற வித்தை ஒண்டுமில்லை தம்பி" என்பார் காமில் நானா. வித்தை இல்லையாம். அந்த நாக்குக்காக அவர் வெற்றிலை போடுவதில்லை, சுருட்டுப் பிடிப்பதில்லை, தேநீருக்குச் சீனி சேர்ப்பதில்லை. மனைவி கதீஜாவுக்கு இதில் தீராத மனத்தாங்கல். "முப்பத்தெட்டு வருசமா ஆக்கிப் போடுறன். ஒருநாள் நல்லாயிருக்கு எண்டு சொன்னதில்லை. கண்ட கண்ட எஞ்சின் தண்ணியைக் குடிச்சிட்டு வந்து, நல்லாயிருக்கு எண்டுவார்."

தொண்ணூறில் வடக்கு முஸ்லிம்கள் எல்லோரோடும் ஊரை விட்டுப் போகவேண்டி வந்து, கற்பிட்டியில் இருபது வருடம் படகு எஞ்சின்களோடு கிடந்துவிட்டுத் திரும்பியவர். வயது அறுபத்துமூன்று. சட்டைப் பையில் கதீஜாவின் பழைய பவுடர் டப்பாக் கண்ணாடி இருக்கும். வளைந்த குழாய்களுக்குள் வெளிச்சம் காட்டுவது அதுதான். எஞ்சினுக்குக் கிட்டப் போகுமுன் செருப்பைக் கழற்றிவிடுவார். ஏன் என்று கேட்டால், "கால் சூடு பாக்கும்" என்பார்.

அந்தோனியார் திருநாளும் ரமழான் நோன்பும் ஒன்றாக வந்த அந்த வருடத்தில்தான் எமிலியானுஸின் படகு வாந்தி எடுத்தது.

திருநாள் காலையில் சுவாமியார் கரையோரமாக வந்து ஒவ்வொரு படகுக்கும் தீர்த்தம் தெளிப்பார். தீர்த்தம் விழுகிற அதே நேரத்தில் எஞ்சின் சத்தம் கேட்கவேண்டும். கேட்டால் அந்த வருடம் மீன்பாடு நல்லது என்பது அந்தக் கரையின் நம்பிக்கை. எமிலியானுஸ் படகுக்குப் புது வர்ணம் பூசி, டீசல் தாங்கியையும் கழுவி, மாப்பிள்ளை போல அலங்கரித்து வைத்திருந்தார். தீர்த்தம் விழுந்தது. பொத்தானை அமத்தினார். எஞ்சின் பிடிக்கவில்லை. ஊரே பார்த்துக்கொண்டிருக்கையில் கையை எடுக்க எந்த ஆம்பிளைக்கு மனம் வரும்? திரும்பத் திரும்ப அமத்தினார். கடைசியில் 'டொக்' என்று எஞ்சின் இறுகி நின்றது. காற்று இழுக்கும் வாய்வழியாகத் தண்ணீர் கொப்பளித்தது.

மனைவி றோஸ்மேரி செபமாலையோடு கரையில் நின்றிருந்தாள். சொந்தத் தமையனைக் கடலுக்குக் கொடுத்தவள். "அந்தோனியார் போகாதே எண்டு சொல்லிப்போட்டார். இந்த போட்டில நீங்கள் இனிக் கால் வைக்கக்கூடாது" என்றாள். சொன்னால் சொன்னதுதான். எமிலியானுஸுக்கு அந்தப் படகை விட்டால் வேறு தொழில் தெரியாது.

மத்தியானம் தன் ஊரான எருக்கலம்பிட்டியிலிருந்து மோட்டார் சைக்கிளில் காமில் நானா வந்து சேர்ந்தார். செருப்பைக் கழற்றினார். முதல் வேலையாகக் கடல்தண்ணீர் உள்ளே வரும் வால்வைப் பூட்டினார். டீசல் பீச்சும் ஊசிகளைக் கழற்றிவிட்டு எஞ்சினைக் கையால் சுற்றினார். மூன்று துவாரங்களிலிருந்தும் தண்ணீர் முழ உயரத்துக்குப் பீறியது. காமில் நானாவின் விரல் ஈரத்தைத் தொட்டு, பழக்கத்தில் வாய்வரை போய், உதட்டருகே நின்றுவிட்டது.

"நோன்பு" என்றார், தனக்குத்தானே.

"நான் பாக்கிறன் நானா" என்று எமிலியானுஸ் முந்தினார்.

"நீங்கள் வேண்டாம். உங்களுக்கு உப்பா இருக்கோணும் எண்டு ஆசை, ஹெட் தப்பும் எண்டு. தங்கச்சியைக் கூப்பிடுங்கோ."

றோஸ்மேரி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள். விரலை நனைத்து நாக்கில் வைத்தாள். துப்பினாள். "உப்பு. கடல்தண்ணிதான்" என்றாள், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

அடுத்த இரண்டு மணித்தியாலமும் எமிலியானுஸ் பக்கத்திலேயே குந்தியிருந்தார். கோயிலில் பூசை பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். காமில் நானா எண்ணெய்க் கம்பியை உருவி வெயிலில் பிடித்தார். தண்ணீர் கலந்தால் ஏறும் பால் தேநீர் நிறம் ஏறியிருக்கவில்லை. நல்லதண்ணீர்த் தாங்கி தளும்ப நிறைந்திருந்தது. புகைக்குழாயின் வளைவைக் கழற்றிக் கண்ணாடியைக் காட்டினார், ஓட்டை இல்லை. பிறகு எஞ்சினைச் சுழற்றிவிடும் ஸ்டாட்டரின் மேல் உள்ளங்கையை வைத்து, முகர்ந்து பார்த்தார்.

"எத்தனை தரம் அடிச்சனீங்கள்?"

"நாலைஞ்சு தரம்" என்றார் எமிலியானுஸ்.

காமில் நானா புகையும் தண்ணீரும் சேர்ந்து போகும் சைலன்சர் பெட்டியின் அடி ஆணியைத் திறந்து வாளியை வைத்தார். வாளி நிறைந்தது. ஊற்றிவிட்டு மறுபடி வைத்தார், அரைவாளி. "தம்பி, நாலைஞ்சுக்கு இவ்வளவு வராது. இருபதுக்குக் குறையாது."

"இருபத்தொண்டு" என்றாள் றோஸ்மேரி. "ஒவ்வொண்டுக்கும் ஒரு அருள்நிறைந்த மரியே சொன்னனான்."

எமிலியானுஸ் கடலைப் பார்த்தார். காமில் நானா சிரிக்கவில்லை. றோஸ்மேரியின் பக்கம் திரும்பிச் சொன்னார்: "தாங்கி கழுவினதில டீசல் குழாயில காத்துப் பிடிச்சிட்டுது. அதுதான் எஞ்சின் பிடிக்கேல்லை. பிடிக்காத எஞ்சினைச் சுத்தினாலும் பம்ப் கடல்தண்ணியை இழுக்கும். வெளிய தள்ளப் புகை இல்லை. தண்ணி எங்க போறது? பெட்டி நிறைஞ்சு, திரும்பி உள்ளுக்க வந்திட்டுது. அந்தோனியார் ஒண்டும் சொல்லேல்லை தங்கச்சி."

உட்பக்கத்தை டீசலால் கழுவி, எண்ணெய் மாற்றி, குழாயில் இருந்த காற்றை எடுத்து, ஊசிகளைப் பூட்டினார். "ஒருக்கா அமத்துங்கோ." எமிலியானுஸ் பொத்தானில் பெருவிரலை வைத்தார். ஒரே அமத்தில் எஞ்சின் பிடித்தது. காமில் நானா உடனே வால்வைத் திறந்துவிட்டு, படகின் பின்முனையான பின்னணியத்துக்குப் போய்க் குழாய்க்குக் கீழே கையை ஏந்தினார். தண்ணீர் துப்பித் துப்பி வந்தது. எமிலியானுஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெட்கப்படவில்லை.

றோஸ்மேரி அசையவில்லை. "நானா விழுங்கினால்தான் நம்புவன்" என்றாள்.

"அப்ப பொழுதுபடுமட்டும் ஓடட்டும். உள்ளீரமும் காயும்" என்றார் அவர்.

எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. மூவரும் அதன் சத்தத்தைக் கேட்டபடி இருந்தார்கள். றோஸ்மேரி எழுந்துபோய் வீட்டிலிருந்து ஒரு கிளாசில் குடிதண்ணீர் கொண்டுவந்தாள். பொழுதுபட, ஊர்ப் பள்ளிவாசலில் பாங்கு கேட்டது. காமில் நானா கையை நன்றாகக் கழுவி, கடதாசியில் சுற்றி வைத்திருந்த பேரீச்சம்பழத்தை எடுத்து, வாய்க்குள் ஏதோ ஓதி, தின்றார். றோஸ்மேரி கிளாசை நீட்டினாள்.

"கொஞ்சம் பொறுங்கோ தங்கச்சி."

பின்னணியத்தில் குனிந்து, குழாய்த் தண்ணீரில் விரலை நனைத்து நாக்கில் வைத்தார். கண்ணை மூடினார். றோஸ்மேரியின் கையில் செபமாலை ஒரு மணியில் நின்றது. தொண்டை ஏறி இறங்கியது. பிறகுதான் அவர் கிளாசுக்குக் கையை நீட்டினார்.