பரளச்சிக் களத்தில் கிடைத்த முதல் வாடிக்கையாளர்

தை மாதக் கடைசியில் மூன்று நாள் அருப்புக்கோட்டை, பரளச்சி, திருச்சுழிப் பக்கம் சுற்றிவிட்டு வந்தேன். கோயில் பார்க்கப் போகவில்லை. எங்கள் செயலியை ஏன் யாருமே பயன்படுத்துவதில்லை என்று பார்க்கப் போனேன். புதிதாகத் தொழில்நுட்ப நிறுவனம் தொடங்கியிருப்பவர்கள் இதே மாதிரி கிளம்ப நினைத்தால் உதவட்டும் என்று நேரம், தூரம், செலவு எல்லாவற்றையும் சேர்த்து எழுதுகிறேன்.

நானும் நண்பன் பிரவீனும் சென்னையில் வேலையை விட்டுவிட்டு, பத்து மாதம் உட்கார்ந்து ஒரு செயலி செய்தோம். மக்காச்சோளக் கதிரை உதிர்க்கும் மிஷினை விவசாயிகள் போனிலேயே முன்பதிவு செய்ய அது உதவும். மொத்தம் பதினொரு திரைகள். பதிவு செய்தவர்கள் இரண்டே பேர், அதில் ஒருவர் பிரவீனின் சித்தப்பா. இதற்கிடையே பிரவீனுக்கு ஒரு நல்ல வேலை வந்தது. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். "நீ போயிட்டு வா. அதுவரைக்கும் நான் பதில் எழுதல" என்றான். அவன் போய்விட்டால் என்னால் தனியாக நடத்த முடியாது. இருவருக்குமே அது தெரியும்.

வியாழக்கிழமை காலை 6.40-க்கு மதுரை மாட்டுத்தாவணியில் பஸ் ஏறினேன். காரியாபட்டி வழியாக அருப்புக்கோட்டை சுமார் ஐம்பது கிலோமீட்டர். எட்டு மணிக்கு இறக்கிவிட்டார்கள். லாட்ஜில் ஓர் அறை ஒரு நாளைக்கு எழுநூறு ரூபாய். நாள் வாடகைக்கு ஓர் ஆட்டோ பிடித்தேன், டீசலோடு ஆயிரத்து இருநூறு. ஓட்டுநர் பெயர் காளிமுத்து. மிஷின் வைத்திருப்பவர்களைப் பார்க்க வேண்டும் என்றதும், "அப்ப முத்துலட்சுமி அக்காவத்தான் பாக்கணும். அவுக மிஷினு இப்ப பரளச்சிப் பக்கம் ஓடுது" என்றார்.

அங்கே போக முக்கால் மணி நேரம் ஆனது. இருபுறமும் கரிசல் காடு. கதிர் ஒடித்த தட்டைகள் காய்ந்து நின்றன. முத்துலட்சுமிக்கு நாற்பது வயதிருக்கும். டிராக்டரில் மாட்டிய மிஷின் ஒன்றைச் சொந்தமாக வாங்கி, ஆள் வைத்து ஓட்டுகிறவர். நான் செயலியைத் திறந்து காட்டத் தொடங்கினேன். மூன்றாவது திரைக்குப் போவதற்குள் அவர் போன் ஆறு முறை அடித்துவிட்டது.

"ஏம்மா, இத நான் எப்பத் தொறந்து பாக்க?" என்று கேட்டார். கிண்டலாக இல்லை, நிஜமாகவே கேட்டார்.

போனைப் பைக்குள் போட்டுவிட்டு, அன்று முழுவதும் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். அழைத்த அத்தனை பேரும் கேட்டது ஒரே கேள்விதான்: "மிஷினு எப்ப வரும்?" அத்தனை பேருக்கும் அவர் சொன்னது ஒரே பதில்: "வந்துரும்ணே." எங்கள் பதினொரு திரைகளில் ஒன்றில்கூட அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. லாட்ஜுக்குத் திரும்பும் வழியில் எனக்கு வெட்கமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் வானம் மூடிக் கிடந்தது. மாலையில் மழை என்று போன் சொன்னது. கதிர்கள் எல்லாம் வெட்டவெளிக் களங்களில் குவிந்து கிடந்தன. நனைந்தால் பூஞ்சை பிடித்துவிடும். ஏழு மணிக்கு நானும் காளிமுத்துவும் போய்ச் சேர்ந்தபோது முத்துலட்சுமிக்கு எட்டுக் களங்களிலிருந்து அழைப்பு வந்திருந்தது. முதலில் அழைத்தவருக்கு முதலில் என்பதுதான் வழக்கம். அதனால் மிஷின் பரளச்சியிலிருந்து திருச்சுழிச் சாலைக்குப் போய், மறுபடி பரளச்சிக்கு வந்து, பாதிப் பகலை ரோட்டிலேயே கழிக்கும். ஒரு நாளில் ஐந்து களம் முடிந்தால் பெரிது.

"அக்கா, இன்னைக்கு ஒரு நாள் வரிசையை நான் போடட்டுமா?" என்று கேட்டேன்.

அடித்த போனை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார். "தப்பாப் போச்சுன்னா இந்தப் பக்கம் நான் தலகாட்ட முடியாதும்மா."

"தப்பானா ஒவ்வொரு களத்துக்கும் நானே போய், தப்பு என்னோடதுன்னு சொல்றேன்க்கா."

தன் போனை என் கையில் கொடுத்தார். எந்தக் களம் எந்தப் பாதையில் என்று காளிமுத்து சொன்னார். எந்தக் குவியலுக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று முத்துலட்சுமி சொன்னார். ஒரு நோட்டில் எட்டுப் பெயரையும் பாதை வரிசையில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு நேரம் போட்டு, எட்டுப் பேரையும் அழைத்துச் சொன்னேன்.

முதலில் அழைத்திருந்த குருசாமிக்கு ஆறாவது இடம். பைக்கை எடுத்துக்கொண்டு நேரிலேயே வந்துவிட்டார்.

"மொத போனு நாந்தான பண்ணேன்?"

"பண்ணுனீக, இல்லைன்னு சொல்லல" என்றார் முத்துலட்சுமி. "ரெண்டரைக்கு உங்க களத்துல மிஷினு நிக்கும்ணே. நிக்கலைன்னா என்னையக் கேளுங்க."

சண்டை வரும் என்றுதான் நினைத்தேன். குருசாமி வானத்தைப் பார்த்தார், மணியைப் பார்த்தார். "ரெண்டரைன்னு உறுதியாச் சொன்னாச் சரி. சாக்கும் ஆளும் அதுக்குத் தக்கன ரெடி பண்ணிருவேன். இல்லைன்னா காலையில இருந்து ஆளுகள சும்மால்ல நிப்பாட்டி வைக்கணும்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

எனக்கு அந்த இடத்தில்தான் எல்லாம் விளங்கியது. முதல் இடம் அவருக்குப் பெரிதில்லை. நம்பக்கூடிய ஒரு நேரம் கிடைத்தால் போதும்.

2.20-க்கு மிஷின் அவர் களத்துக்குள் நுழைந்தது. 6.10-க்கு எட்டாவது களமும் முடிந்தது. 6.45-க்கு மழை இறங்கியபோது எல்லா மூட்டைகளும் தார்ப்பாயின் கீழ் இருந்தன. காளிமுத்து ஆட்டோவை விட்டு இறங்கி நனைந்துகொண்டே சிரித்தார். நானும் இறங்கினேன்.

ஈரக்கையோடு பிரவீனை அழைத்து நடந்ததைச் சொன்னேன்.

"அப்ப பதினொரு திரையும் வேண்டாமா?"

"ஒண்ணு போதும். வரிசையும் நேரமும்."

"சரி, வேலைக்கு வரலைன்னு இப்பவே எழுதிடறேன்." திங்கட்கிழமை வரை அவன் காத்திருக்கவில்லை.

சனிக்கிழமை முத்துலட்சுமியே கேட்டார், "இத நெதமும் செய்வீகளா? எம்புட்டு?" இப்போதைக்கு இலவசம் என்று சொல்ல வாயெடுத்து, அடக்கிக்கொண்டேன். களத்துக்கு முப்பது ரூபாய் என்றேன். "நாப்பதா வாங்கிக்கங்க. கட்டுபடியாகாம பாதி சீசன்ல விட்டுட்டுப் போயிட்டா நான் யாரத் தேடுவேன்?" என்றார். அன்று மாலைக்குள் திருச்சுழிப் பக்கம் இன்னும் இரண்டு மிஷின்காரர்களிடம் அவரே பேசிச் சேர்த்துவிட்டார்.

இதே மாதிரி கிளம்புகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். அறுவடை உச்சத்தில் போங்கள். உங்கள் வாடிக்கையாளர் திண்டாடும் நாளில் அங்கே இல்லாவிட்டால், அவர் மரியாதைக்குச் சொல்லும் பதில்தான் கிடைக்கும். முதல் நாள் செயலியைக் காட்டாதீர்கள். நான் காட்டி நேரத்தை வீணாக்கினேன். கணினியில் செய்ய நினைப்பதை ஒரு நாளாவது நோட்டில் கையால் செய்து பாருங்கள். பயன் கிடைத்தவரிடம் காசு கேட்கக் கூச்சப்படாதீர்கள். மதியத்துக்கு மேல் இந்தப் பக்கம் பஸ் குறைவு, அதனால் ஆட்டோவை நாள் வாடகைக்கே பேசிவிடுங்கள். தண்ணீர் இரண்டு பாட்டிலாவது வேண்டும்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது கமுதிப் பக்கத்திலிருந்து ஒருவர் அழைத்தார். நாங்கள் இருவரும் கால் வைக்காத ஊர். தன்னிடம் ஒரு மிஷின் இருப்பதாகச் சொல்லி, "என்னையும் சேத்துக்கிருவீகளா?" என்று கேட்டார். எங்களை எப்படித் தெரியும் என்றேன்.

"எங்கிட்டுப் போனாலும் இதத்தாங்க கேக்குறாக. பரளச்சியில மணி சொல்லி வாராகளே, நீ ஏன் சொல்ல மாட்டேங்கிறன்னு."