கமா போட்ட பழி

இண்டூர்ப் பக்கம் ஒரு பால் குளிரூட்டும் நிலையத்தில் கணினி வேலை பார்க்கிறேன். காலையில் வரும் பால் விவரத்தைப் படித்து, பாலில் கொழுப்பு குறைந்தவர்களின் பட்டியலை அச்சிடும் ஷெல் ஸ்கிரிப்ட் என்ற சிறு நிரல் என் கைவேலை. அதைப் பற்றிப் பெருமையடிக்க ஆள் கிடைத்தால் விடமாட்டேன். ஒவ்வொரு வரியிலும் எண், பெயர், லிட்டர், கொழுப்பு, ஒவ்வொன்றும் ஒரு கட்டம், நடுவே கமா. நான்காவது கட்டத்தை எடுத்தால் முடிந்தது. ஸ்கிரிப்டுக்குள் விளக்கக் குறிப்பு ஒன்றுகூட எழுதவில்லை. நான் எழுதியது எனக்குப் புரியாதா என்ற திமிர்.

ஒரு நாள் ஓர் அம்மா காலிக் கேனோடு என் மேசை முன்னால் வந்து நின்றார். அறிவிப்புப் பலகையில் ஒட்டிய அந்தப் பட்டியலில் அவர் பெயர் இருந்தது.

"மூணு நாளா ஒட்டியிருக்கீங்க. வூட்டுக்கு வர்றவங்கல்லாம் தண்ணி ஊத்துறயான்னு கேக்கறாங்க. நாங்க அப்பிடிப்பட்டவங்க இல்லீங்க."

"மெஷின் பொய் சொல்லாதுங்கம்மா" என்றேன். இன்று நினைத்தாலும் அந்த வாயிலேயே ஒன்று போடத் தோன்றுகிறது.

அவர் நகரவில்லை. வேறு வழியின்றி அவருடைய வரியைத் திறந்தேன். அவர் ஊரில் அதே பெயரில் மூன்று பேர். எங்கள் பக்கம் அப்படியிருந்தால் வீட்டு அடையாளத்தைச் சேர்த்துச் சொல்வார்கள். பதிவு செய்பவரும் அந்த வாரம் பெயருக்குப் பின்னால் கமா போட்டு 'மேட்டு வூடு' என்று சேர்த்திருந்தார். எல்லாம் ஒரு கட்டம் தள்ளிப் போய்விட்டது. அவர் ஊற்றிய இரண்டு லிட்டரைக் கொழுப்பு இரண்டு என்று என் ஸ்கிரிப்ட் படித்திருக்கிறது. உண்மையான கொழுப்பு நாலரை. ஐந்தாவது கட்டத்தில் கேட்பாரற்றுக் கிடந்தது.

வெட்கம் பிடுங்கித் தின்றது. மதியத்துக்குள் கட்டங்களுக்கு நடுவே இருந்த கமாவை எடுத்துவிட்டு, பெயரில் யாரும் போடாத செங்குத்துக் கோட்டை வைத்தேன். கட்டம் நான்கைத் தாண்டினால் பட்டியல் அச்சாகாமல் நின்றுவிட ஸ்கிரிப்டில் ஒரு வரியும் சேர்த்தேன். அந்த வரிக்கு மேலே # என்ற ஹாஷ் குறி போட்டு, முதல்முறையாக ஒரு குறிப்பு எழுதினேன்.

மறுநாள் பலகைத் தாளைக் கிழித்துவிட்டு, பால் ஊற்ற வந்தவர்கள் எல்லார் முன்னாலும் குறிப்பை வாசித்தேன்: "பெயருக்குள்ளும் கமா வரும். அதை யோசிக்காதது என் தப்பு. மேட்டு வூட்டம்மாவின் பாலில் தண்ணீர் இல்லை."

"இத யாராச்சும் அழிச்சிருவாங்களா?" என்றார் அந்த அம்மா.

"நான் இருக்கறவரைக்கும் வுடமாட்டேனுங்க. ஹாஷ் போட்ட வரிய கம்ப்யூட்டர் கண்டுக்காது. மனுசங்க படிக்கத்தான் அது."

"அப்ப நல்லா படிக்கட்டும்" என்று சொல்லி, கேனைத் தூக்கி வரிசையின் முதலில் வைத்தார். மற்றவர்கள் தங்கள் கேன்களைப் பின்னால் நகர்த்தி இடம்விட்டார்கள். பட்டம் வாங்கிய அன்றுகூட நான் அவ்வளவு நிமிர்ந்து நின்றதில்லை.