கழுவிய பிறகு பிடித்த தண்ணீர்

டயாலிசிஸ் பிரிவில் அவரைப் பூஜ்யம் என்றே கூப்பிட்டார்கள். இயந்திரங்களுக்குப் போகும் தண்ணீரைச் சுத்தமாக வைத்திருப்பது அவர் வேலை. மாதாமாதம் சோதனைக்கு அனுப்பிய தண்ணீரில் பதினொரு வருடமாக ஒரு கிருமிகூட அகப்பட்டதில்லை. பூஜ்யம் என்று வந்த முடிவுத் தாள்களைச் சுவரில் வரிசையாக ஒட்டியிருந்தார். வீட்டில் அவர் கல்யாணப் படத்துக்கு அந்த மரியாதை இல்லை.

அந்த மாதம், இயந்திரம் ஓடி ஒரு மணி நேரத்தில் நோயாளிகளுக்குப் பற்கள் தந்தியடித்தன. காய்ச்சல் அடித்தது. பூஜ்யம் ஏசியைக் குற்றம் சொன்னார். ஏசி மெக்கானிக் ஜன்னலைச் சொன்னார். ஜன்னலை அடைத்த பிறகும் போர்வைக்குச் சண்டை நடந்தது.

மூன்றாம் நாற்காலியில் அவர் மச்சான், மனைவியின் அண்ணன். நடுங்கிக்கொண்டே சொன்னார்:

"உங்க தண்ணியில ஒண்ணுமே இல்லைங்கறீங்க மாப்பிள்ளை. அந்த ஒண்ணுமில்லாததுதான் என்னைப் போட்டு ஆட்டுது."

டாக்டருக்கும் தண்ணீர் மேல்தான் சந்தேகம். ஆனால் தாள்கள் பூஜ்யம் என்றன. கிருமியே நுழைய வேண்டியதில்லை, செத்த கிருமியின் துணுக்கு ரத்தத்தை எட்டினாலே உடம்பு படை திரட்டிவிடும் என்றார். வாரத்துக்கு மூன்று நாள் துணுக்குகளோடு மல்லுக்கட்டினால், நிஜமான நோய் வரும்போது எதிர்க்கத் தெம்பிருக்காது.

"என் தங்கச்சி மாதிரிதான் என் உடம்பும்," என்றார் மச்சான். "ஆள் வர வேண்டாம். செருப்பைப் பார்த்தாலே சண்டைக்குக் கிளம்பிடும்."

அந்தத் தங்கச்சி வீட்டில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். தண்ணீரை எப்போது பிடிக்கிறீர்கள்? ஞாயிறு குழாய்களை மருந்து விட்டுக் கழுவி, திங்கள் காலை முதல் வேலையாகப் பிடிப்பதைப் பெருமையாகச் சொன்னார்.

"குளிச்சிட்டு வந்தவனை மோந்து பார்த்துட்டு ஊர்லயே நாத்தம் இல்லைன்னு எழுதுவீங்களா? பதினொரு வருஷமாவா?"

அவர் பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவினார்.

சனிக்கிழமை, கழுவுவதற்கு முன், மூன்றாம் நாற்காலிக்குப் பின்னால் இருந்த குழாயில் பிடித்தார். அனுப்பிய கையோடு டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னார். டாக்டர் உடனே நோயாளிகளை வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொன்னார்.

சோதனைச்சாலையிலிருந்து ஃபோன் வந்தது. தவறுதலாகச் சாக்கடைத் தண்ணீரை அனுப்பிவிட்டீர்களா என்று மரியாதையாகக் கேட்டார்கள்.

"இல்லைங்க. எங்க தண்ணிதான்."

அந்தக் குழாய் இருந்த சுவரை உடைத்தார்கள். எப்போதோ அடைத்துவிட்ட குழாய்த் துண்டு ஒன்றில், கழுவும் மருந்து எட்டாமல் தண்ணீர் தேங்கி, கிருமி வழவழவென்று பாசி போல் படிந்திருந்தது. அதை வெட்டி எறிந்தார்கள்.

பிரிவு மறுபடி திறந்த அன்று முதல் ஒரு மணி நேரமும் பூஜ்யம் மச்சானின் தலைமாட்டிலேயே நின்றார். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, குளிருதா என்று கேட்டார்.

"மாப்பிள்ளை," என்றார் மச்சான், கண்ணைத் திறக்காமல். "நீங்க கொஞ்சம் நகர்ந்தீங்கன்னா நான் தூங்குவேன்."