ஓடாத மீட்டர்

போன புதன்கிழமை மத்தியானம் என் கையில் ஒரு குழந்தை. என்னுடையது இல்லை. அதன் அம்மா என் எஸ்.டி.டி. பூத்துக்குள் நின்று பேசிக்கொண்டிருந்தாள்.

பெங்களூர் ஈஜிபுராவில் பூத் வைத்திருப்பவளுக்கு இதெல்லாம் சகஜம். குடை, காய்கறிப் பை, ஹெல்மெட் - எல்லாவற்றையும் என்னிடம் தந்துவிட்டுத்தான் உள்ளே போவார்கள். செல்வி குழந்தையைத் தருவாள். ஆம்பூரில் தாய் வீட்டில் பிரசவமாகி, மூன்றாம் மாதம் இங்கே திரும்பியவள். ஒற்றை அறை வீடு. மாமியார், புருஷன், இவள், குழந்தை.

பேசிக்கொண்டிருந்தாள் என்றேனா? மீட்டரைப் பார்த்தேன். பூஜ்யம். நம்பரே போடவில்லை! முந்தின வாரமும் இப்படித்தான். லைன் கிடைக்கவில்லை போல என்று விட்டுவிட்டேன்.

பூத் கதவு முழுசாகச் சாத்தாது. எனக்குக் கேட்டது.

"அம்மா... இவன் அழுதா நெஞ்சு படபடங்குது. எல்லாரும் கொஞ்சுறாங்க. எனக்கு ஒண்ணுமே தோண மாட்டேங்குதும்மா. இவனை விட்டுட்டு எங்கயாவது பஸ் ஏறிடலாமான்னு இருக்கு."

நிஜமாக நம்பர் போட்டுப் பேசும் நாட்களில் என்ன சொல்வாள் தெரியுமா? "நல்லா இருக்கேம்மா. பையன் நல்லா இருக்கான். வெச்சுடறேன்." அவ்வளவுதான்.

என் பூத்தில் அதிகம் சொல்லப்படுவதே இந்த 'நல்லா இருக்கேன்'தான். பாதிப் பேர் சொல்லிவிட்டு வெளியே வந்து கண்ணைத் துடைக்கிறார்கள்.

என்னால் உட்கார முடியவில்லை. கேட்கலாமா? கேட்டு, நாளையிலிருந்து வராமல் போய்விட்டால்? கேட்காமல் விட்டு, நிஜமாகவே பஸ் ஏறிவிட்டால்? முகம் பார்த்துப் பேசக் கூசுகிறவள் நான். குழந்தையைத் தோள் மாற்றித் தோள் மாற்றி நடந்தேன்...

காத்திருந்த ஆட்டோக்காரர் கண்ணாடியைத் தட்டினார். "பேகா, சீக்கிரம் முடிம்மா! மீட்டரே ஓடல, யார்கிட்ட இவ்ளோ நேரம் பேசற? சாமிகிட்டயா?"

செல்வி வெளியே வந்தாள். முகம் வெளுத்திருந்தது. குழந்தையை வாங்கக் கையை நீட்டினாள். வாங்காமலேயே கையை இழுத்துக்கொண்டாள்.

அந்தக் கையைப் பார்த்ததும் என் கூச்சம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"அண்ணா, நீங்க வேற பூத் பாருங்க" என்றேன்.

"அட, சும்மா தமாஷுக்கும்மா..." என்று முனகிக்கொண்டே போனார்.

"செல்வி, அதே பேச்சை நம்பர் போட்டுப் பேசேன்."

"வேணாங்க்கா. அம்மாவுக்கு பிரஷர் இருக்கு. தாங்க மாட்டாங்க."

"நீ தாங்குறியா?"

"வீட்ல வாயே திறக்க முடியலக்கா. போனைப் பிடிச்சாத்தான் அம்மான்னு வருது" என்றாள்.

மறுபடி உள்ளே போய் நம்பரை அழுத்தினாள். ஆம்பூரில் அது பக்கத்து வீட்டு போன். அவர்கள் போய் அம்மாவைக் கூட்டி வர வேண்டும். மீட்டர் ஓடுகிறது. பேச்சில்லை. வைத்துவிடுவாளோ... வைத்துவிடுவாளோ என்று மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நல்லா இருக்கேம்மா" என்றாள், வழக்கம்போல.

போச்சு!

பிறகு மெதுவாக, "இல்லம்மா. நல்லா இல்ல. நீ வா" என்றாள்.

மறுநாள் காலையிலேயே அம்மா வந்து இறங்கிவிட்டார். மாமியார் விடுவாரா? "நாங்கல்லாம் பெத்துக்கலையா? காத்து கருப்பு பட்டிருக்கும், கயிறு கட்டினா போதும்" என்றிருக்கிறார். அம்மா சண்டை போடவில்லை. கயிற்றையும் கட்டிவிட்டு, கையோடு பெரியாஸ்பத்திரிக்கும் கூட்டிப் போனார். பிரசவத்துக்குப் பின் மனசு இப்படி விழுந்துபோவதும் நோய்தான், நிறையப் பேருக்கு வரும், குணமாகும் என்று சொல்லி டாக்டரம்மா மாத்திரை கொடுத்தாராம். தனியாக விடாதீர்கள் என்றாராம்.

சரியாகிவிட்டதா? அதற்குள்ளா! நேற்றும் செல்வி தெருவை வெறித்துக்கொண்டுதான் நின்றாள். குழந்தை அவள் அம்மாவின் இடுப்பில் இருந்தது.

அந்த அம்மா என்னைப் பார்த்ததும் நேராகக் கடைக்குள் வந்தார். நன்றி சொல்லப் போகிறார், என்ன பதில் சொல்வது என்று நான் கூசிக்கொண்டு நின்றேன்.

மேலும் கீழும் பார்த்தார். "ஏம்மா, போன் கடை வச்சிருக்க. எனக்கு ஒரு போன் போட உனக்கு இத்தனை நாளா?"